மாணவர் விலை

எங்கள் வீட்டில் யோசிப்பது அப்பா, முடிவெடுப்பது அம்மா. இந்த இரண்டு வேலைகளுக்கும் ஒன்றோடொன்று எந்தத் தொடர்பும் கிடையாது. ஒரு ஃபிரிட்ஜ் வாங்குவதற்காக அப்பா மூன்று வருடம் யோசித்தார். கடை கடையாக ஏறி இறங்கி, ஒவ்வொன்றையும் அக்கு வேறு ஆணி வேறாக விசாரித்து, நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு எழுதி வைத்தார். நான்காவது வருடம் அம்மா வேலை முடிந்து வரும் வழியில் ஒரு கடைக்குள் நுழைந்து, முதலில் கண்ணில் பட்டதைக் காட்டி, "இத வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். அந்த ஃபிரிட்ஜ் இன்றைக்கும் நன்றாகத்தான் ஓடுகிறது. அப்பாவுக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை. அதைவிட நல்ல மாடல் ஒன்று இருந்ததாம். அதன் கதவை இடது பக்கமாகவும் திறக்கலாமாம்.

அப்பாவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறார். மற்றவர்கள் செய்தது சரியா என்று நாள் முழுக்கப் பார்ப்பதுதான் அவருக்குச் சம்பளம் வாங்கித் தருகிற வேலை. அம்மாவுக்கு மருந்துக்கடையில் வேலை. வரிசையில் பத்துப் பேர் இருமிக்கொண்டு நிற்கும்போது யாரும் ஆற அமர யோசிக்க முடியாது.

முடிவெடுப்பதில் நான் அம்மா ஜாதகம் என்றுதான் இருபது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை கலைந்தது ஒரு வேலையால்.

நான் படிப்பது எலக்ட்ரானிக்ஸ், இரண்டாம் வருடம். இதனால் அக்கம்பக்கத்தில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. வேலை செய்யாத ரிமோட்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். நான் பேட்டரியை மாற்றிக் கொடுப்பேன். இரண்டு வருடப் படிப்பு இதுவரை உலகத்துக்குப் பயன்பட்டது அவ்வளவுதான். என்னுடைய சொந்த லேப்டாப்போ கீல் உடைந்து, திரை பின்பக்கமாகச் சாய்ந்து விழும். அதற்கு ஒரு தடித்த அகராதியை முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். சார்ஜர் வயரை ஒரு கோணத்தில் பிடித்தால்தான் மின்சாரம் ஏறும். நான் ஒரு கையால் வயரைப் பிடித்துக்கொண்டு மறுகையால் புரோகிராம் எழுதுவதை அப்பா எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு நாள் வாசலில் நின்று பார்த்தார். "பாத்து வாங்குவோம்" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு 'இல்லை' என்று அர்த்தம். நானும் அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

இந்த நிலைமையில்தான் போன வாரம் கல்லூரி அறிவிப்புப் பலகையில் அந்தத் தாள் ஒட்டப்பட்டது. பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடை ஒன்றில் மாணவர்களுக்கு விற்பனை வேலை, சனி ஞாயிறு மட்டும். மூன்று மாதம் வேலை பார்த்தால் ஒரு லேப்டாப் வாங்கிவிடலாம் என்று மனக்கணக்குப் போட்டு, விண்ணப்பித்துவிட்டேன். திங்கட்கிழமை கடை மேனேஜர் கூப்பிட்டார். சனிக்கிழமை ஒரு நாள் வந்து வேலை செய்து பார்க்க வேண்டும், வருகிறாயா இல்லையா என்று வெள்ளிக்குள் சொல் என்றார்.

அம்மா ஜாதகமாக இருந்திருந்தால் அங்கேயே "வர்றேன் சார்" என்றிருப்பேன். நான் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் 'சேரலாம்', வலது பக்கம் 'வேண்டாம்'. புதன்கிழமைக்குள் அது மூன்று பக்கம் ஆகிவிட்டது. பஸ் நெரிசல், செமஸ்டர் தேர்வு, கால் வலி என்று எழுதிக்கொண்டே போய், நான்காவது பக்கத்தைத் திருப்பும்போதுதான் இந்தக் கட்டங்களை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. பயந்துபோய்ப் பேனாவை மூடிவிட்டேன்.

இத்தனை பக்கத்திலும் நிஜமான காரணம் ஒன்றுதான். மற்றதெல்லாம் சும்மா. எனக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது இரண்டும் சிவந்துவிடும். பொருள் விற்கிற இடத்தில் பொய் சொல்லாமல் எப்படிக் குப்பை கொட்டுவது?

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

"போ" என்றாள் அம்மா, தண்ணீர் ஊற்றிக்கொண்டே. முடிந்தது.

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "வேலைக்குப் போறது நல்லதுதான். எந்தக் கடை?"

கடை இருக்கும் தெருவைச் சொன்னேன். அவர் கை தட்டில் அப்படியே நின்றது.

"அந்தக் கடையா? அந்தக் கடை வேணாம்மா."

"ஏம்பா?"

"அங்க பார்க்கிங் சரியில்ல."

"நான் பஸ்லதானே போவேன்?"

"அதுக்கில்ல... ஏசி ரொம்ப ஜாஸ்தி. உனக்கு சளி புடிக்கும். வேற கடை எவ்வளவோ இருக்கு. ஸ்டேஷன் பக்கத்துல ஒண்ணு இருக்கு, மெயின் ரோட்ல ரெண்டு இருக்கு. எல்லாத்தையும் ஒரு தடவை விசாரிச்சு, பாத்துட்டு..."

"அதுக்குள்ள அவ பேரப்பிள்ளை எடுத்துடுவா" என்றாள் அம்மா.

அப்பா சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போகும்போது திரும்பி நின்று, "அந்தக் கடை மட்டும் வேணாம்" என்றார். அவர் எதையும் இவ்வளவு உறுதியாகச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எட்டு மாதமாக ஒரு லேப்டாப் வாங்கித் தரத் துப்பில்லை, நான் சம்பாதித்து வாங்குவதற்கும் முட்டுக்கட்டையா?

அந்தக் கோபத்தில்தான் வியாழக்கிழமை மேனேஜரைக் கூப்பிட்டு வருகிறேன் என்று சொன்னேன். மூன்று பக்கப் பட்டியலால் முடியாததை ஒரு சுருக் கோபம் முடித்து வைத்தது. அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மாவும் நானும் பேசிக்கொண்டோம். வேலை கிடைத்தால் சொல்லிக்கொள்ளலாம், கிடைக்காவிட்டால் சொல்லவே வேண்டாம்.

சனிக்கிழமை காலை, "ஃப்ரெண்டு வீட்ல புராஜெக்ட் இருக்குப்பா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். காதைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டேன். அப்பா நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சனிக்கிழமைதோறும் பத்தரை மணிக்கு அவர் நூலகம் போவார். நோட்டுப் புத்தகமும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய், மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்புவார். ஒரு புத்தகத்தைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. கேட்டால், தான் படிப்பது வெளியே தராத புத்தகங்கள் என்பார்.

கடையில் எனக்கு ஒரு மஞ்சள் டீ-ஷர்ட் கொடுத்தார்கள். முதுகில் 'என்னைக் கேளுங்கள்' என்று எழுதியிருந்தது. நெஞ்சில் குத்திக்கொள்ள 'பயிற்சியில்' என்று ஒரு பேட்ஜ். முன்னால் வருகிறவர்களுக்கு ஒரு செய்தி, பின்னால் வருகிறவர்களுக்கு வேறு செய்தி.

மேனேஜர் ஒல்லியான மனிதர். நிற்கும்போதே எங்கோ போய்க்கொண்டிருப்பவர் மாதிரி இருப்பார். "உக்காரக்கூடாது. 'தெரியாது'ன்னு சொல்லக்கூடாது. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஒரு பொருளாவது விக்கணும், கூடவே பாதுகாப்புத் திட்டமும் விக்கணும். வித்தா வேலை. இன்னொண்ணு, சொந்தக்காரங்களக் கூட்டிட்டு வந்து வாங்க வச்சா அது கணக்குல சேராது."

"ஏன் சார்?"

"போன மாசம் ஒரு பையன் அவன் மாமாவுக்கு ஓவன் வித்தான். வேலை குடுத்தோம். திங்கட்கிழமை மாமா ஓவன திருப்பிக் கொண்டாந்துட்டார்."

பாதுகாப்புத் திட்டம் என்பது என்னவென்றால், பொருள் கெட்டுப்போனால் சரி செய்து தருகிறோம் என்று கடை எழுதித் தருகிற ஒரு தாள். அதற்குத் தனி விலை. அப்பா இதைப் பற்றி வீட்டில் பலமுறை பிரசங்கம் செய்திருக்கிறார். பொருள் நல்லதாக இருந்தால் பாதுகாப்பு எதற்கு, நல்லதாக இல்லையென்றால் அதை எதற்கு விற்கிறான் என்பது அவர் கட்சி.

என்னைப் பழக்குவதற்கு ஒருவரை ஒப்படைத்தார்கள். அவரை எல்லோரும் வாரண்டி அண்ணன் என்று கூப்பிட்டார்கள். ஒரு முறை வெறும் பேட்டரிக்கே பாதுகாப்புத் திட்டம் விற்றவர் என்று அவரைப் பற்றி ஒரு வரலாறு உண்டு. வாய் ஓயாது. ஆனால் நல்ல மனிதர், எனக்காகக் குடிக்கத் தண்ணீர் பாட்டில் எடுத்து வைத்திருந்தார்.

முதல் ஒரு மணி நேரத்தில் என்னிடம் நான்கு பேர் வந்தார்கள். இரண்டு பேர் கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். ஒருவர் தன் போனைச் சார்ஜ் போட இடம் கேட்டார். நான்காவதாக வந்த பெண்மணி ஒரு மேஜை விசிறியைக் காட்டி, இது எப்படி என்று கேட்டார். ஓட விட்டுப் பார்த்தேன். "கொஞ்சம் சத்தம் வருதும்மா" என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

வாரண்டி அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, அவங்க உண்மைய கேட்டாங்களா? ஃபேன்தானே கேட்டாங்க?"

"சத்தம் வந்துச்சே அண்ணே."

"ஃபேனுன்னா சத்தம் வரும். காத்துன்னாலே சத்தம்தான். அப்படிச் சொல்லணும்."

என் வலது பக்கப் பட்டியல் கண் முன்னால் ஓடியது. இது நமக்கு ஆகிற காரியமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, பில் போடும் அக்கா தன் கவுண்டரிலிருந்து கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கூவினாள்.

"பதினொண்ணாகப் போகுது. பாத்துட்டு-சொல்றேன் வர்ற நேரம்!"

சுற்றிலும் சிரிப்பு. யார் அது என்று கேட்டேன்.

"அது ஒரு ஆளும்மா" என்றார் வாரண்டி அண்ணன். "எட்டு மாசமா ஒரு சனிக்கிழமை தவறாம வர்றார். லேப்டாப் வாங்கணும்பார். நம்மள நிக்க வச்சு ஒரு மணி நேரம் கேள்வி கேப்பார். கடைசில 'பாத்துட்டு சொல்றேன்'னு சொல்லிட்டுப் போயிடுவார். இதுவரைக்கும் ஒரு வயர்கூட வாங்கினதில்ல. நாங்க எல்லாரும் அவர்கிட்ட மாட்டி முழிச்சவங்கதான். இப்பல்லாம் புதுசா ட்ரயலுக்கு வர்றவங்க தலையில கட்டிடுவோம். இன்னிக்கு உன் தலை."

"சரியான கழுத்தறுப்பு போல இருக்கே" என்றேன். எல்லோரும் சிரிக்கவே, எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "அவருக்கு வீடு வாசல் கிடையாதா? வீட்ல யாரும் பேச மாட்டாங்களா அவர்கூட?"

இன்னும் பலத்த சிரிப்பு. அதில் என் சிரிப்புதான் பெரியது. இதை நான் மறைக்க விரும்பவில்லை.

கண்ணாடிக் கதவு திறந்தது. இஸ்திரி போட்ட நீலச் சட்டை உள்ளே வந்தது. கையில் நோட்டுப் புத்தகம்.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வாரண்டி அண்ணன் என் முதுகில் லேசாகத் தட்டி, "போ, போ, ஆல் தி பெஸ்ட்" என்று தள்ளிவிட்டுப் போய் வாஷிங் மெஷின்களுக்குப் பின்னால் நின்றுகொண்டார். இன்னும் இரண்டு மஞ்சள் டீ-ஷர்ட்கள் அங்கே வந்து சேர்ந்தன.

அப்பா நேராக லேப்டாப் வரிசைக்கு வந்தார். என்னைப் பார்த்தார். அவர் பார்வை என் முகத்திலிருந்து பேட்ஜுக்குப் போனது. அங்கேயிருந்து வாஷிங் மெஷின்களுக்குப் போனது. அங்கே நின்ற முகங்களில் சிரிப்பு இன்னும் வடிந்திருக்கவில்லை. மீட்டர் பார்க்கிறவர் அல்லவா, எல்லாவற்றையும் ஒரே நொடியில் படித்துவிட்டார்.

"வணக்கம் மேடம்" என்றார். "லேப்டாப் பாக்கணும். நீங்க காட்றீங்களா?"

பெற்ற அப்பா என்னை 'மேடம்' என்றும் 'நீங்க' என்றும் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. 'இன்னாருடைய மகள்' என்று இந்தக் கடையில் யாரும் என்னைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது என்று அவர் ஒரு நொடியில் முடிவெடுத்துவிட்டார். ஃபிரிட்ஜுக்கு மூன்று வருடம் எடுத்துக்கொண்ட மனிதர்.

"காட்றேன் சார்" என்றேன். அப்போது நான் "அப்பா" என்று கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. ஐந்து மணிக்குள் ஒன்று விற்க வேண்டும் என்பது நினைவில் இருந்தது. சற்று முன் நான் சிரித்த சிரிப்பும் நினைவில் இருந்தது.

அவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். பக்கம் பக்கமாகக் கட்டங்கள். பதினோரு மாடல்கள், அவற்றில் மூன்று இப்போது சந்தையிலேயே இல்லை. ஒவ்வொன்றுக்கும் நேராக அவருடைய பொடி எழுத்து. மெமரியைப் பின்னால் கூட்ட முடியுமா, பேட்டரியை மாற்ற முடியுமா, சார்ஜர் நுழையும் இடம் உறுதியா என்று கேட்டுக்கொண்டே போனார். அத்தனையும் நானே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். என் வகுப்பில் பாதிப் பேருக்கு இதெல்லாம் தெரியாது. நானும் ஒவ்வொன்றுக்கும் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

"கீல் எப்படி மேடம்? உலோகமா, பிளாஸ்டிக்கா?"

"ஏன் சார் கேக்கறீங்க?"

"என் பொண்ணு பழசுக்கு அகராதிய முட்டுக் குடுத்து வச்சிருக்கா. இந்தத் தடவ கீல் நல்லா இருக்கணும்."

"அவங்ககிட்டயே என்ன வேணும்னு கேட்டிருக்கலாமே சார்?"

"கேட்டா வேணாம்னு சொல்லிடுவா" என்றார் அப்பா. "அவ அப்படித்தான். பாவம், ஒண்ணும் கேக்க மாட்டா."

நான் கேட்கவில்லைதான். அவர் தர மாட்டார் என்று முடிவு கட்டிவிட்டதால் கேட்கவில்லை. எட்டு மாதமாக நான் அவர் மேல் மனதுக்குள் பொருமிக்கொண்டிருக்க, அவர் இங்கே வந்து நின்று எனக்காகக் கேள்வி கேட்டுப் பெயர் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

வாரண்டி அண்ணனால் அதற்கு மேல் மறைந்திருக்க முடியவில்லை. எங்கள் பக்கம் வந்தார். "சார், இன்னிக்கு இந்தப் பொண்ணுக்கு ட்ரயல். சாயங்காலத்துக்குள்ள ஒண்ணு வித்தாதான் வேலை. நீங்க வழக்கம்போல பாத்துட்டுச் சொல்றேன்னு போயிட்டீங்கன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, பாவம்" என்று சொல்லி மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அப்பா நோட்டுப் புத்தகத்தை மூடினார். பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். தனக்கு எது பக்கத்தில் இருந்ததோ அந்த லேப்டாப்பின் மேல் கை வைத்தார்.

"இத எடுத்துக்கறேன்."

"எத சார்?" என்றார் வாரண்டி அண்ணன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இதத்தான். இவங்க நல்லா எடுத்துச் சொன்னாங்க."

அந்த லேப்டாப்பைப் பற்றி நான் வாயே திறந்திருக்கவில்லை. அதோடு, அதை அவரே நோட்டில் அடித்து வைத்திருந்ததைச் சற்று முன்புதான் பார்த்திருந்தேன். நேராக எழுதியிருந்தது: 'கீல் பிளாஸ்டிக். வேண்டாம்.'

"பாதுகாப்புத் திட்டம் சார்?" என்று வாரண்டி அண்ணன் பழக்கதோஷத்தில் கேட்டார்.

"அதையும் போடுங்க" என்றார் அப்பா.

கடையே திரண்டு பில் கவுண்டருக்கு வந்தது. மேனேஜர் எங்கோ போய்க்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார். "எட்டு மாசமா யாராலும் முடியாதத முதல் நாளே முடிச்சிட்டியே!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு வேலை கிடைத்துவிட்டது. நான் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு மட்டும் நின்றிருந்தேன்.

பில் அக்கா இயந்திரத்தைத் தட்டிக்கொண்டே கேட்டாள். "சார், பொண்ணு காலேஜ்ல படிக்குதுன்னு சொல்வீங்களே. மாணவர் விலை போட்டுடறேன். பொண்ணோட காலேஜ் ஐடி கார்டு இருக்கா? போட்டோவா இருந்தாலும் பரவால்ல."

எல்லோருக்கும் தெரியும், இந்த மாணவர் விலையைப் பற்றி அவர் எத்தனை சனிக்கிழமை நோண்டி நோண்டிக் கேட்டிருப்பார் என்று. பஸ்ஸில் மீதிச் சில்லறைக்காக இறங்கும் இடம் வரை கண்டக்டரைப் பார்த்துக்கொண்டே வருகிற மனிதர் அவர்.

"வேணாம்மா" என்றார் அப்பா. "சாதாரண விலையே போடுங்க."

"நிறைய குறையுமே சார்?"

"பரவால்ல. கார்டு இல்ல. போடுங்க." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பொய் சொன்னதில் அவர் காது இரண்டும் சிவந்திருந்தன.

அந்தக் காதுகளைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. பையிலிருந்து என் கல்லூரி அடையாள அட்டையை எடுத்து கவுண்டரில் வைத்தேன். அதில் என் படத்துக்குக் கீழே 'தந்தை பெயர்' என்று ஒரு வரி இருக்கிறது. பில் அக்கா அட்டையைப் பார்த்தாள். அப்பா நீட்டியிருந்த வங்கி அட்டையைப் பார்த்தாள். திரும்பவும் என் அட்டையைப் பார்த்தாள்.

"மேடம், நீங்க எதுக்கு உங்க கார்டெல்லாம்..." என்று அப்பா பதறினார். "பேர் ஒண்ணா இருக்கறது சகஜம்மா. ஊர்ல எத்தனையோ பேருக்கு என் பேரு. எனக்கும் இவங்களுக்கும் சம்பந்தமே கிடையாது."

"அப்பா, போதும்" என்றேன்.

ஏசியின் சத்தம் கேட்டது. நிஜமாகவே ஜாஸ்திதான்.

"இவர் எங்கப்பா" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னேன். "எட்டு மாசமா எனக்காகத்தான் வந்து கேட்டிருக்கார். அக்கா, மாணவர் விலை போடுங்க. பாதுகாப்புத் திட்டத்த எடுத்துடுங்க. இந்த மாடலும் வேணாம், இதுக்குப் பிளாஸ்டிக் கீல். அதுக்கு அடுத்தது உலோகம். விலையும் கம்மி."

மேனேஜர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "சொந்தக்காரங்கன்னா கணக்குல சேராதே மா" என்றார்.

"தெரியும் சார்."

"அதான் கெடுத்துட்டியே" என்றார் அப்பா என்னிடம், கடைக்கு வந்த பிறகு முதல் முறையாக 'நீ'க்கு இறங்கி. "வாழ்க்கைல ஒரு தடவ டக்குனு ஒரு முடிவு எடுத்தேன். அதையும் கெடுத்துட்ட."

ஐந்து மணி வரை நின்றேன். வேறு எதுவும் விற்கவில்லை. வாரண்டி அண்ணன் மட்டும் இரண்டு முறை பக்கத்தில் வந்து, தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். மூன்றாவது முறை, "தெரியாம சிரிச்சிட்டோம்மா" என்றார். நானும்தான் அண்ணே என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது பெட்டி சாப்பாட்டு மேஜையில் இருந்தது. அம்மா அதைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். "இப்பல்லாம் நூலகத்துல லேப்டாப்பும் தர்றாங்களா?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் நான் பெட்டியைப் பிரிக்கும்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "அங்க எனக்கு ஒரு பேரு வச்சிருக்காங்க, தெரியுமா?" என்றார்.

"தெரியும்பா."

"அந்த பில்லு போடற பொண்ணு வச்ச பேரு. நல்ல பொண்ணு. சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. ஆனா கேட்டா பதில் சொல்வாங்க. 'வாங்க சார்'னு கதவத் தெறந்து விடுவாங்க. ஆபீஸ்ல நான் எதையாவது கேட்டா யாரு பதில் சொல்றாங்க?" திரையைத் திறந்து மூடிக் கீலைப் பார்த்தார். "உலோகம்தான்" என்றார்.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். நான் எதிர்பார்க்கவேயில்லை. "வேலை உண்டு. சனிக்கிழமையிலிருந்து வர முடியுமா?"

"நான் ஒண்ணும் விக்கலையே சார்?"

அவர் தயங்கினார். "அது சரி. இங்க எல்லாரும் ஒரு விஷயம் சொன்னாங்க. நீ இங்க வேலைக்குச் சேந்துட்டா, உங்கப்பா இனிமே வர மாட்டாருல்ல?"

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, என் திறமைக்காகக் கிடைக்கவில்லை. என் அப்பாவை வீட்டோடு நிறுத்தி வைப்பதற்காகக் கிடைத்தது. போனை வைத்துவிடலாமா என்று தோன்றியது. "லேப்டாப்தான் வாங்கிட்டாரே சார்" என்று மட்டும் சொன்னேன். அது உண்மைதான். சனிக்கிழமை காலைக்குள் பதில் சொல்கிறேன் என்றேன்.

மறுபடியும் தாள், மறுபடியும் நடுவில் கோடு. லேப்டாப் வந்துவிட்டதால் இடது பக்கத்தில் எழுத ஒன்றும் இல்லை. வலது பக்கத்தில் மேனேஜர் கேட்ட கேள்வியை எழுதினேன். அந்த ஒரு வரியே போதுமானதாக இருந்தது. இந்த வேலை வேண்டாம் என்று சொல்வதாகத்தான் இருந்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அப்பா நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டார். போட்டுக்கொண்டார். நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். வாசல் வரை போய்ச் செருப்பில் ஒரு காலை நுழைத்தவர் அப்படியே நின்றார். பிறகு காலை வெளியே எடுத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நூலகம் போகலையா?" என்றாள் அம்மா. கேலியாகத்தான் கேட்டாள்.

"எல்லாம் படிச்சாச்சு" என்றார் அப்பா. நோட்டைத் திறந்தார். கடைசிப் பக்கம் வரை கட்டங்கள் நிறைந்திருந்தன. மூடி மடியில் வைத்துக்கொண்டு, சும்மா இருந்த கைகளை அதன் மேல் வைத்துக்கொண்டார்.

எனக்கு லேப்டாப் கிடைத்தது, கடைக்கு நிம்மதி கிடைத்தது. இவருடைய சனிக்கிழமையை மட்டும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டோம். உள்ளே போய் மேனேஜரைக் கூப்பிட்டேன். "வர்றேன் சார். இன்னிக்கே வர்றேன்" என்றேன். பட்டியல் எதுவும் போடவில்லை. இன்னும் திருப்பிக் கொடுக்காத மஞ்சள் டீ-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்து அவர் முன்னால் நின்றேன்.

"அப்பா, புராஜெக்ட் ரிப்போர்ட்டெல்லாம் பிரிண்ட் எடுத்துத்தான் குடுக்கணுமாம். பிரிண்டர் இல்லாம லேப்டாப்ப மட்டும் வச்சிட்டு என்ன பண்றது?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிரிண்டரா? சட்டுனு வாங்கிடக்கூடாதும்மா அதெல்லாம். மை கொட்டற மாதிரியா, பொடி போடற மாதிரியா? உங்க கடைல எத்தன மாடல் இருக்கு?"

"பதினாலுப்பா."

"பதினாலா!" என்றார் அப்பா. அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை லேப்டாப் வாங்கிய அன்றுகூட நான் பார்க்கவில்லை. "இங்க பாரு, ஒரு புது நோட்டு எடு" என்று உள்பக்கம் திரும்பி அம்மாவுக்குக் குரல் கொடுத்தார். செருப்பை மாட்டிக்கொண்டே, "நீ முன்னாடி போ. நான் பதினொரு மணிக்கு வர்றேன்" என்றார்.

கடையில் இருப்பது ஒன்பது பிரிண்டர்தான். ஐந்தைச் சேர்த்துச் சொன்னேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் காதைத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை. இந்த வேலைக்கு நான் பொருத்தமானவள்தான்.